ஆசீர்வதிக்கக் கூசிய கை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும் அந்த வியாதி போகவில்லை. போன வாரம் மௌரி அவென்யூ மளிகைக்கடையில், கல்லாவில் நின்ற பெண் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடியே புளிப் பொட்டலத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். "ஏம்மா, மணிக்கட்டுப் பக்கம் சுருக்குனு இழுக்குதா? வீட்டுல கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். "அய்யோ, எப்படி ஆன்டி தெரியும்?" என்று அவள் வேலையை நிறுத்திவிட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ப்ளீஸ், நாட் எகெய்ன்" என்றாள்.

என்ன செய்வது? ஆயுசில் பாதியை அடுத்தவர் கையைப் பிடித்தே கழித்தவள் நான். கை தெரபிஸ்ட் என்றால் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. எலும்பு முறிந்தோ, நரம்பு அறுந்தோ அறுவை முடிந்து வருகிற கையை மறுபடி மடக்கவும் நீட்டவும் பழக்கும் வேலை. கோபிசெட்டிபாளையத்தில் என் பெரியப்பா கடைசிவரை, "நம்ம சரோஜா அமெரிக்காவுல நெட்டி முறிக்கிற வேலை பார்க்குதுங்க" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பவித்ரா. என்னிடம் வேலை பழகிய பெண், இப்போது டெக்சஸில் ரிச்சர்ட்சனில் இருக்கிறாள். முந்தாநாள் கூப்பிட்டாள்.

"ஆன்டி, ஒரு பேஷன்ட் வீட்டுல எக்சர்சைஸே பண்ண மாட்டேங்கறார். இப்பெல்லாம் ஆப்ல தெரிஞ்சிடுது இல்ல? ஃபுல்லா சிவப்பு. ஒத்துழைக்காதவர்னு சிஸ்டமே ஃப்ளாக் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லுது. பண்ணிடட்டுமா?"

"பண்ணாதே" என்றேன்.

"ஏன் ஆன்டி?"

ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். சரி, எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

படித்தது சென்னையில். கல்யாணம் ஆகி நியூ ஜெர்சிக்கு வந்து, மறுபடி பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, கிடைத்த இடத்திலெல்லாம் வேலை பார்த்து, கடைசியில் பீட்சாக் கடைக்கும் ட்ரை கிளீனிங் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கே தலைமை டோலோரஸ். பிலிப்பைன்ஸ்காரி. என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள்.

டோலோரஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன் தன் இரண்டு கைகளையும் வெந்நீரில் காட்டித் துடைத்துக்கொள்வாள். அடிபட்ட இடத்தை முதலில் தொடவே மாட்டாள். முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். தோள் தளர்கிறவரைக்கும் அப்படியே. பிறகுதான் விரல். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டு ஒருநாளும் நான் பார்த்ததில்லை. "நேத்து இந்தக் கை என்ன பண்ணுச்சு?" என்றுதான் கேட்பாள். பல் தேய்ச்சுது, பூனையைத் தடவுச்சு என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்குள் விரல் தானாக அசைந்திருக்கும்.

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும். காதோரம் வந்து கிசுகிசுத்தால் நாம் தொலைந்தோம். எனக்கு நேர் எதிர். எனக்குக் கோபம் வந்தால் பீட்சாக் கடைவரை கேட்கும்.

ஒருதடவை பக்கத்து ஊர் எடிசனிலிருந்து நம்மூர் ஆன்டி ஒருவர் வந்தார். விரலில் அறுந்த தசைநாணைத் தைத்து, கழற்றவே கூடாது என்று நான் சொல்லிச் சொல்லி மாட்டிவிட்ட, விரலை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் அச்சு. அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்திருக்கிறார். தையல் பிய்ந்து, விரல் பழையபடி தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. "அதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா பிழியறது? மாவு ஒட்டுமே!" என்று அவர் கேட்ட கேள்வியில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். டோலோரஸ் என்னை உள்ளே கூப்பிட்டுக் காதோரம் சொன்னாள்: "என்ன செய்யக் கூடாதுன்னு சொன்னே. என்ன பண்டிகை வருதுன்னு கேட்டியா?"

அதற்குப் பிறகு நான் கேட்காமல் விட்டதே கிடையாது. கல்யாணம் வருகிறதா, பனிக்கு முன் இலை வாரணுமா, பேரனைத் தூக்கணுமா? அந்தக் கேள்வியால்தான் நேதனின் கதைக்குள் மாட்டிக்கொண்டேன்.

நேதன் எலெக்ட்ரீஷியன். நாற்பதை நெருங்கும் வயது, தலையில் சின்னக் குல்லாய். வேன் கதவில் வலது கை மாட்டி, உள்ளங்கை எலும்புகள் நொறுங்கி, தகடு வைத்துச் சேர்த்திருந்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொக்கி மாதிரி வளைந்து நின்றன. தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். சூடான மெழுகில் முக்கி எடுக்கணும், தழும்பைத் தேய்க்கணும், விரல்களுக்கு நடுவே பஞ்சுக் கட்டை வைத்து விரிக்கணும். பொறுமையாகச் செய்தால் திறந்துகொள்ளும் கைதான்.

ஆனால் திறக்கவில்லை. நான் பிடித்து விரித்தால் விரிகிறது, அவராக விரிக்கச் சொன்னால் அசையவே மாட்டேன் என்கிறது. கோணமானியை வைத்து அளக்கும்போதெல்லாம் அதே அளவு. வீட்டில் செய்தீர்களா என்றால், "செஞ்சேன்" என்பார். செய்த கைக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும், தழும்பின் ஓரம் இளகியிருக்கும். இது வறண்ட ஓணான் முதுகு மாதிரி இருந்தது. பொய் என்று தெரிந்தது.

எப்போதும் அவரைக் கூட்டிவருவது அவருடைய அப்பா. எழுபதை நெருங்கியவர், ஒல்லி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். வாசலில் உட்கார்ந்து, நான் வெளியே வரும்போதெல்லாம் என்னை ஒரே கேள்வி கேட்பார்: "பண்டிகைக்குள்ள விரல் விரியுமா?"

அதனால் நேதனிடமே கேட்டேன். என்ன பண்டிகை?

ஷாவுவோட் என்றார். வெயில் காலம் தொடங்கும்போது வரும் யூதப் பண்டிகை. அவர்கள் கோஹேன் வம்சமாம். பழங்காலத்துக் கோயில் குருக்களின் வழிவந்தவர்கள். கோயில் இடிந்துபோய் யுகம் ஆகிவிட்டது, ஒரு கடமை மட்டும் மிச்சம். பண்டிகை நாளில் சினகாக்கில், அதாவது அவர்களுடைய ஜெபக்கூடத்தில், கோஹேன்கள் செருப்பைக் கழற்றி, கைகழுவிக்கொண்டு, முன்னால் ஏறி நிற்பார்கள். வழிபாட்டுச் சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, அதற்குள் இரண்டு கைகளையும் நீட்டி, நடுவிரலையும் மோதிர விரலையும் பிரித்து, சபையை ஆசீர்வதிப்பார்கள். சபையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது.

"எங்க சினகாக் சின்னது. கோஹேன்னா நானும் அப்பாவும்தான். கை கோணலா இருந்தா ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டினார். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்த வாரம் கிளம்பும்போது, வரவேற்பில் இருந்த பெண் அவர் மறந்துவைத்த கார் சாவியை மேசைக்கு மேலாக வீசினாள். நேதன் திரும்பி, வலது கையால் லபக்கென்று பிடித்தார். அந்த இரண்டு விரலும் சேர்ந்து ஐந்தும் கிட்டத்தட்ட முழுக்க விரிந்து, அழகாக மூடின.

அடப்பாவி மனுஷா!

"உள்ளே வாங்க" என்றேன். பீட்சாக் கடைவரை கேட்டிருக்கும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இத்தனை நாளா என்னை முட்டாள் ஆக்கியிருக்கீங்க" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க. இது விரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க, ப்ளீஸ்." அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தது என் தமிழில்.

பிறகு சொன்னார். இருபதுகளில் ராணுவத்தில் இருந்திருக்கிறார், ஈராக்கில். ஒருநாள் ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். பத்தடி தூரம்கூட இல்லை. நேதன் முந்திக்கொண்டார். "சந்தேகமே இல்லை. அவன் கையில துப்பாக்கி இருந்துச்சு. மெடல்கூட கொடுத்தாங்க. எல்லாரும் கெட்ட கனவு வருதான்னு கேட்பாங்க. வரதில்லை. நல்லா தூங்கறேன். கையை மட்டும்தான் என்னால தூக்க முடியலை."

உயிரைக் கொன்ற கோஹேன் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். வேண்டுமென்றே கொன்றாலும் சரி, கைதவறி நடந்தாலும் சரி. பின்னால் வந்த பெரியவர்கள் இதைத் திருப்பித் திருப்பிப் பேசியிருக்கிறார்கள். மனம் வருந்தித் திரும்பியவனுக்கு வழிவிடலாம் என்று சிலர். நாட்டின் கட்டளைப்படி போரில் சுட்ட சிப்பாய் இந்தச் சட்டத்தில் சேரவே மாட்டான், அவன் தாராளமாக ஏறலாம் என்று பலர்.

"அப்புறம் என்ன? உங்க ராபைகிட்ட கேட்க வேண்டியதுதானே?" ராபை என்றால் அவர்களுடைய மதகுரு.

"கேட்டா ஏறலாம்னு சொல்லிடுவார்" என்றார். "அதனாலதான் கேட்கலை."



கோஹேன்களைக் கூப்பிடும்போது உள்ளே இருந்துவிட்டு ஏறாமல் நின்றால் அதுவும் குற்றமாம். அதனால் கூப்பிடுவதற்கு முன்பே வெளியே போய்விடுவார். வருஷக்கணக்காக அப்படித்தான். உள்ளே அப்பா ஆசீர்வதிக்கும்போது இவர் வெளி நடையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பார். அப்பா ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. கை நசுங்கிய பிறகு ஒரு சாக்குக் கிடைத்தது.

"யாருங்க உங்களை வெளிய போகச் சொன்னது?" என்று கத்தினேன்.

"யாரும் சொல்லலை. நானாத்தான் போனேன்."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. என் வீட்டுக்காரர் தவறின மறுவருஷம் பெரிய மகளின் கல்யாணம், நியூ ஜெர்சியில் ஒரு ஹாலில். தாலியைத் தட்டில் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணக் கொண்டுவரும் நேரத்தில் நான் எழுந்து பார்க்கிங் லாட்டுக்குப் போய், காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். புருஷன் இல்லாதவள் தொட்டால் ஆகாது என்று யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் என்னைத் தேடியிருக்கிறார்கள். நானாகத்தான் போனேன்.

அதை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வேலை இடத்தில் சொந்தக் கதை பேசும் பழக்கம் எனக்கில்லை.

நேதன் என்னையே பார்த்தார். "இது பைத்தியக்காரத்தனம். நீங்க யாரையும் கொல்லலையே!"

"உங்களோடது மட்டும் என்ன வாழுதாம்?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. (சின்ன மகளின் கல்யாணத்தில் நான் முதல் வரிசையில் நின்றேன், தாலியைத் தொட்டேன். அது நேதனால்தான் என்று சொல்லமாட்டேன். எனக்கும் கொஞ்சம் அறிவு உண்டு.)

ஆனால் பொய் சொல்லமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "விரியாதுன்னு சொல்ல மாட்டேன். விரியும்னும் சொல்ல மாட்டேன். நோயாளி சொன்னதை வெளிய விடக் கூடாதுன்னு எங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கு."

அது போதும் என்றார். அவருக்குப் போதும். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த முறை நேதனின் கையை மெழுகில் முக்கி, துண்டால் சுற்றி உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பெரியவர் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார்.

"பண்டிகைக்குள்ள விரல் விரியுமா?"

"அதை உங்க பையன்கிட்ட கேளுங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "சட்டம் எனக்குத் தெரியும்மா" என்றார். "கோணல் கை தடையே இல்லை. ஜனங்க கையை வேடிக்கை பார்ப்பாங்கன்னுதான் அந்தச் சட்டம். நாங்க சால்வைக்குள்ள மூடிக்கறோம், யார் பார்க்கப் போறா? என் கையைப் பாருங்க, வாதத்துல எப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது. நான் ஏறாமயா இருக்கேன்? கைதான் தடைன்னு அவன் சொன்ன அன்னைக்கே, தடை கையில்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு இங்கே கூட்டிட்டு வரீங்க?"

"கை சரியாயிட்டா, உண்மையைச் சொல்லுவான்னு பார்த்தேன்."

 அவரே தொடர்ந்தார். குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது.

"அது என்னன்னும் தெரியும். நான் வியட்நாம் போனவன். அவன் ஈராக்ல என்ன பண்ணியிருப்பானோ, அதை நான் அவன் வயசுல பண்ணிட்டேன். திரும்பி வந்து ராபைகிட்ட கேட்டேன். ஏறுன்னார். அன்னைலருந்து ஏறிக்கிட்டிருக்கேன்."

"இதை அவர்கிட்ட சொல்லலாமே!"

பெரியவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "எங்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பிள்ளை தலைமேல கைவெச்சு ஆசீர்வாதம் பண்ணணும். இந்தக் கையைத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் தலைமேல வெச்சேன். இது என்ன பண்ணின கைன்னு தெரிஞ்சா, வெச்சதை எல்லாம் என்னன்னு நினைப்பான்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லிடாதீங்க" என்றார்.

நல்லா இருக்கே நியாயம்! கதவுக்கு உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர். இவர் சொல்லாதே என்கிறார், அவரும் சொல்லாதே என்கிறார். இருதலைக் கொள்ளி எறும்பாக நடுவில் நான். ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துவிடும், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பண்டிகையோ கிட்ட வந்துவிட்டது. அந்த நாட்களில் வண்டி ஓட்டும்போது ஃப்ரீவேயில் என் எக்ஸிட்டைத் தாண்டித் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

தாங்காமல் டோலோரஸிடம் போனேன். அவள் நின்றுகொண்டே மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவள். "எனக்கு ஒரு தொல்லை. என்னன்னு சொல்ல முடியாது" என்றேன். "ரெண்டு பேர். ஒருத்தர் சொல்ல வேண்டியது இன்னொருத்தருக்குக் கேட்கணும். நான் வாயைத் திறக்கக் கூடாது."

வேறு யாராவது இருந்தால் என்ன ஏது என்று குடைந்திருப்பார்கள். டோலோரஸ் ஒரு வாய் சாதத்தை மென்று விழுங்கிவிட்டு, "அந்த அப்பாவோட கையைப் பார்த்தியா?" என்றாள்.

"முடக்குவாதம்."

"வலிக்கும். அவரோட டாக்டர்கிட்ட சொல்லி, அவரையும் இங்கே சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லு. பையன் வர்ற அதே நேரம் கொடு. ஒரே மேசை."

அவ்வளவுதான். டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நேதனின் வலது கையை மெழுகில் முக்கி எடுத்தேன். முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்கி, வெள்ளைக் கையுறை மாதிரி கெட்டியானதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துண்டால் சுற்றினேன். பெரியவருக்கு அதற்கு முன்பே முடிந்து, மெழுகை உரித்து, கை இளஞ்சூட்டோடு பளபளவென்று இருந்தது.

நேதனுக்கு அன்று விரல் பிரிக்கும் பயிற்சி. எனக்கு அந்த ஆசீர்வாத முத்திரை சரியாகத் தெரியாது. அது நிஜம். "எப்படிப் பிரிக்கணும்னு நீங்க காட்டுங்களேன்" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். டோலோரஸ் பக்கத்து மேசையில் ஏதோ ஒரு அச்சை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வடிவம் மட்டும்தான், மந்திரம் கிடையாது" என்று சொல்லி, பெரியவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். முட்டி முட்டியாக வீங்கிய விரல்கள் நடுவில் அழகாகப் பிரிந்தன. அப்புறம் நடுங்க ஆரம்பித்தன. லேசாக இல்லை. மேசை மேலிருந்த கிண்ணம் கிணுகிணுத்தது.

நேதன் அதைப் பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து, இப்படி உயர்ந்தபோதெல்லாம் சால்வைக்குள்ளேயே மறைந்திருந்த கைகள் அவை.

"அப்பா, ஏன் இப்படி நடுங்குது? வாதத்தாலயா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கோணமானியைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்ததுதான்.

"இல்லை" என்றார். "முதல் தடவை ஏறின அன்னைலருந்து இப்படித்தான். உனக்கு என்னவோ எனக்கும் அதே."

நேதனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "யாரையாவது..."

"ஆமாம். ஒரு ஆத்தங்கரையில. ரெண்டு பேர்."

"அப்புறம் ஏறினீங்களா?"

"கேட்டேன். கட்டளைப்படி போர்ல சுட்டவனை இந்தச் சட்டம் சொல்லலை, ஏறுன்னார் ராபை. புஸ்தகத்தை மூடிட்டார்."

"அவ்வளவு சுலபமா?"

"அவருக்கு."

நேதனின் முகம் சிவந்தது. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கையைத்தான் என் தலைமேல வெச்சீங்க."

"ஆமாம்ப்பா. இதே கைதான்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நேதன் மெழுகுக் கையோடும் துண்டோடும் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போகக் காலெடுத்தேன். டோலோரஸ் காதோரம் வந்து, "உட்கார்" என்றாள். உட்கார்ந்தேன்.

பெரியவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். அவர் அத்தனை வருஷம் பயந்தது அங்கேயே, என் மேசையில் நடந்துவிட்டது. காட்டச் சொன்னது நான்தானே.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. நேதன்தான். மெழுகு மூடின கையால் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுக்க முடியவில்லையாம், காரைத் திறக்க முடியவில்லையாம். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். நான் கிட்டே போவதற்குள் பெரியவர் பிள்ளையின் கையை இழுத்து, துண்டைப் பிரித்து, மெழுகை உரிக்க ஆரம்பித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக. அவர் கை நடுங்கினதால் ரொம்ப நேரம் ஆயிற்று. நேதன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உரித்து முடிந்ததும் அப்படியே எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் வரவில்லை. இரண்டு பேரும். போன் போட்டால் எடுக்கவில்லை. மேலாபீஸில் கணக்குப் பார்க்கும் பெண், "ஒத்துழைக்காதவர்னு போட்டு ஃபைலை மூடிடலாமா?" என்று கேட்டாள். டோலோரஸ் அவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவள் மறுபடி கேட்கவில்லை. பண்டிகை நாள் வந்தது, போனது. நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அந்தக் குடும்பத்தை நான் பிரித்துவிட்டேனா? யாரிடம் போய்க் கேட்பது?

பண்டிகை முடிந்த அடுத்த வாரம் நேதன் தனியாக வந்தார். கூப்பிடாமலே என் மேசையில் வந்து உட்கார்ந்தார். வெந்நீரில் கையைக் காட்டிவிட்டு அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். தோள் இறங்குகிறவரைக்கும் இருந்தேன்.

"வழக்கம்போல வெளிய போயிட்டேன்" என்றார். "தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன். கதவு திறந்துச்சு. அப்பா. செருப்பைக் கழட்டிட்டு, வெறும் சாக்ஸோட. கை கழுவின ஈரம் சொட்டுது. ஒருதடவைகூட ஏறாம இருந்ததில்லை அவர். என் பக்கத்துல வந்து நின்னார்."

"என்ன சொன்னார்?"

"ராபை கொடுத்த அனுமதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், உனக்குச் செல்லாதுன்னா எனக்கும் செல்லாது. அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் நின்னுக்கிட்டே இருந்தார். உள்ளே ஜனங்க காத்திருக்காங்க. ஏத்திவிட ஒரு கோஹேனும் இல்லை. வழிபாட்டைப் பாடி நடத்தறவர் ராகத்தை இழுத்துக்கிட்டே இருக்கார். அப்பா உள்ளே போகவே மாட்டார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாகிறவரைக்கும் என்கூட அந்தக் குழாய்ப் பக்கம்தான் நிப்பார்."

"அப்புறம்?"

"ஷூவைக் கழட்டினேன்."

"மனசு லேசாச்சா?"

"இல்லை" என்றார். "எதுவும் லேசாகலை. அன்போட ஆசீர்வதிக்கிறோம்னு முதல்ல ஒரு வரி சொல்லணும். அந்த இடத்துல அப்பாவோட குரல் நின்னுபோச்சு. நான் சொல்லி முடிச்சேன். ஒரே நெருக்கமா நின்னதால தோளோட தோள் ஆடுது. நடுங்கறது அவரா நானான்னு எனக்குத் தெரியலை."

பிறகு அவர் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தன. தழும்பின் ஓரம் மட்டும் இளகி மினுமினுத்தது.

"அடுத்த பண்டிகை இலை உதிர்ற காலத்துல வருது" என்றார். "அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் விரிச்சுக் கொடுங்க. அப்பா கேட்கலை. நான் கேட்கிறேன்."